அழித்த ஃபைல் எங்கே போகிறது?

 

நம் சுவர்ப் பத்திரிகையில் கதை, கவிதை, விடுகதை, சமையல் குறிப்பு எல்லாம் வந்துவிட்டது. இந்தத் தடவை நான் ஒரு கம்ப்யூட்டர் பாடம் எழுதுகிறேன். இது புத்தகத்தில் படித்து மட்டும் எழுதியது இல்லை. ஒரு தப்பு பண்ணி, அதனால் கற்றுக்கொண்டது. தப்பு பண்ணினது வேற யாரும் இல்லை, நான்தான். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்ன?

போன வருஷம் தமிழ் டீச்சர் சொல்லி, நாம் எல்லாரும் ஊர்ப் பாட்டிமார்களிடம் போய் நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மிப் பாட்டு பதிவு பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? மொத்தம் 34 பாட்டு. டீச்சர் போனில் பதிவு பண்ணி, பள்ளிக் கம்ப்யூட்டரில் 'பாட்டி பாட்டு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்தோம். போனில் இடம் இல்லை என்று போனில் இருந்ததை டீச்சர் அழித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில்தான் பத்திரமாக இருக்கே என்று எல்லாரும் நினைத்தோம்.

சுதந்திர தின விழா வீடியோவை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. இடம் பத்தவில்லை என்று காட்டியது. டெஸ்க்டாப்பில் 'பாட்டி பாட்டு' இருந்தது. இன்னொரு இடத்திலும் இதே பேரில் பார்த்த மாதிரி ஒரு ஞாபகம். இது ரெண்டாவது பிரதிதான் என்று நானே முடிவு பண்ணி, ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு டெலீட் அழுத்தினேன். அப்புறம் வீடியோவை பென் டிரைவிலிருந்து டெஸ்க்டாப்பில் காப்பி பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் டீச்சர் பாட்டைக் கேட்டார்கள். தேடினால் இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை. பாட்டுப் பாடிய பாட்டிகளில் ஒருவர் பங்குனி மாதமே இறந்துவிட்டார். அவர் பாட்டை இனி யாரிடம் போய்ப் பதிவு பண்ணுவது? எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது.

"ரெகவரி சாஃப்ட்வேர் ஒண்ணு டவுன்லோடு பண்ணினா வந்துடும், நான் பண்றேன்" என்று ஒரு பையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்போது அறிவியல் சார் வந்தார். "யாரும் எதையும் தொடாதீங்க. முதல்ல ஆஃப் பண்ணும்மா" என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? அதுதான் இன்றைய பாடம்.

ஹார்டு டிஸ்க் என்றால் என்ன?

ஹார்டு டிஸ்க்கை வன்தட்டு என்றும் சொல்வார்கள். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். அதன் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. சாதாரணமாக நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும். அதன் மேல் ஒரு சின்னத் தலை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கும், எழுதும். நம் தலைமுடியின் தடிமன் பல ஆயிரம் நானோமீட்டர். அப்படியானால் ஒரு தூசி உள்ளே போனாலே அந்தத் தலைக்கு அது பாறாங்கல்தான்!

அழித்தால் என்ன ஆகிறது?

200 பக்க நோட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பொருளடக்கம். "தாலாட்டு: பக்கம் 41 முதல் 46 வரை" என்று இருக்கிறது. நாம் டெலீட் பண்ணினால் கம்ப்யூட்டர் 41-ஆம் பக்கத்துக்குப் போய் ரப்பரால் அழிப்பது இல்லை. பொருளடக்கத்தில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, "இந்தப் பக்கங்கள் இனி காலி" என்று குறித்துக்கொள்கிறது. எழுத்து அப்படியே அங்கேதான் இருக்கும். அதனால்தான் பெரிய ஃபைல் கூட ஒரு நொடியில் அழிந்த மாதிரி தெரிகிறது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்தப் பொருளடக்கத்துக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். பழைய ஃபேட் முறையில் (பல பென் டிரைவ், மெமரி கார்டுகளில் இன்றும் இந்த முறைதான்) ஃபைல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு குறியாக மாற்றிவிட்டு, "இது அழிந்தது" என்று வைத்துக்கொள்ளும்.

சரி, அப்போ எப்போதுதான் உண்மையில் அழிகிறது? அந்தக் 'காலி' பக்கத்தில் வேறு ஏதாவது எழுதும்போது! புதுசாக ஒரு படம் காப்பி பண்ணினால், அது 41-ஆம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் உட்காரும். அப்படி உட்கார்ந்துவிட்டால் தாலாட்டு போனது போனதுதான். எந்த சாஃப்ட்வேராலும் வராது.

ஆக, ஃபைலைத் தொலைப்பது டெலீட் பட்டன் மட்டும் இல்லை. அதற்கு அப்புறம் நாம் பண்ணுகிற அவசரம்தான். இதை எல்லாரும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது யோசியுங்கள். அந்தப் பையன் சாஃப்ட்வேர் டவுன்லோடு பண்ணியிருந்தால் அது எங்கே போயிருக்கும்? சி டிரைவுக்கு. டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான் இருக்கிறது. பாட்டு இருந்த இடத்தின் மேலேயே அது எழுதியிருக்கலாம். காப்பாற்ற வந்ததே ஆளை மிதித்த கதை ஆகியிருக்கும். நாம் ஒன்றும் பண்ணாமல் சும்மா ஆன் பண்ணி வைத்திருந்தாலும் விண்டோஸ் தானாகவே ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சார் ஆஃப் பண்ணச் சொன்னார்.

கல்பனா சாவ்லா சென்ற விண்கலத்தில் ஒரு ஹார்டு டிஸ்க்

நமக்கெல்லாம் கல்பனா சாவ்லாவைத் தெரியும். ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்தவர். 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியதில் அவரும் மற்ற ஆறு பேரும் உயிரிழந்தார்கள். அந்தப் பயணத்தில் செனான் என்ற வாயுவை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் அளவீடுகள் ஒரு ஹார்டு டிஸ்க்கில் பதிவாகியிருந்தன.

விண்கலம் சிதறிப் பல மாதம் கழித்து, வறண்ட ஏரிப் படுகையில் அந்த டிஸ்க் கிடைத்தது. பார்த்தால் கருகிய உலோகக் கட்டி மாதிரி இருந்ததாம். மின்னணுப் பாகங்கள் உருகிவிட்டன. மூடியின் ஓரம் உருகித் தூசியும் உள்ளே போய்விட்டது. அமெரிக்காவில் மினசோட்டாவில் உள்ள கிரோல் ஆன்ட்ராக் என்ற நிறுவனத்துக்கு அதை அனுப்பினார்கள். அங்கே தட்டுகளைக் கழற்றி, ரசாயனத்தால் சுத்தம் செய்து, வேறு பாகங்களில் பொருத்திப் படித்தார்கள். சுமார் 99 சதவீதத் தகவல் கிடைத்துவிட்டது! அதை வைத்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 2008-இல் வெளியானது.

வானத்திலிருந்து விழுந்தும் எப்படித் தப்பியது? தட்டுகள் வளையவில்லை. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த டாஸ் என்ற பழைய முறை, தகவலை அங்கங்கே சிதறவிடாமல் ஒரே பக்கமாக எழுதியிருந்தது. தட்டில் குழி விழுந்த இடம், இன்னும் ஒன்றும் எழுதாத இடம். 

தோழிகளே, நெருப்பில் விழுந்த டிஸ்க்கில் 99 சதவீதம் கிடைத்தது. நம் வகுப்பறையில், ஃபேனுக்குக் கீழே பத்திரமாக இருந்த டிஸ்க்கில் எனக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஃபைல் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும்?

1. நிறுத்து. புதுசாக எதையும் காப்பி பண்ணாதே, டவுன்லோடு பண்ணாதே, இன்ஸ்டால் பண்ணாதே.

2. ரீசைக்கிள் பின்னைப் பார். சாதாரணமாக டெலீட் பண்ணினது அங்கே இருக்கும். 'ரெஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் ஷிஃப்ட்டோடு அழித்தது அங்கே இருக்காது. பென் டிரைவில் அழித்ததும் பொதுவாக அங்கே வராது.

3. வேறு யாரிடமாவது பிரதி இருக்கா என்று கேள். அனுப்பியவர் போன், ஈமெயில், வாட்ஸ்அப், பழைய பென் டிரைவ். இதுதான் செலவே இல்லாத வழி.

4. இல்லை என்றால் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணு. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்ட வேண்டும். இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

5. முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு பிரதி எடுக்க வேண்டும். இதற்கு 'இமேஜ்' என்று பெயர். ஃபைல் ஃபைலாக எடுப்பது இல்லை. காலி என்று சொல்லும் இடத்தையும் சேர்த்து, நோட்டு முழுக்க ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க் என்றால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. நன்றாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்கு அப்புறம் வரும். பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுகிற மாதிரி!

6. அந்தப் பிரதியில்தான் தேட வேண்டும். தப்பாகிவிட்டாலும் அசல் பத்திரமாக இருக்கும்.

7. கிடைத்த ஃபைலை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். அதே டிஸ்க்கில் சேமித்தால், ஒன்றை மீட்டு இன்னொன்றை அழிக்கிறோம் என்று அர்த்தம்.

8. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பேர் மட்டும் வந்து உள்ளே பாழாகியிருக்கலாம்.

தேடுவது எப்படி?

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, பொருளடக்கத்தில் அடித்த வரியையே படித்துப் பார்ப்பது. இதில் ஃபைலின் பேரும் சேர்ந்து வரும். ஆனால் அந்த வரியின் மேல் வேறு பேர் எழுதிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இரண்டாவது வழி, பொருளடக்கமே வேண்டாம் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவது. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் ஆரம்பத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதைப் பார்த்து, "இதோ ஒரு போட்டோ, இதோ ஒரு பாட்டு" என்று எடுப்பார்கள். போட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் இப்படித்தான் வேலை செய்கிறது. போட்டோ மட்டும் இல்லை, பாட்டு, வீடியோ, கடிதம் எல்லாம் தேடும். குறை என்ன என்றால், பழைய பேர் வராது. ஏதோ எண் போட்டுப் பேர் வைக்கும். துண்டு துண்டாகச் சிதறி இருந்த ஃபைல் முழுசாகவும் வராது.

உங்களுக்குத் தெரியுமா?

* உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்தியது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள்! அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைய போன் போட்டோ ஒன்றுக்கே அது பத்தாமல் போகலாம்.

* ஜிப் ஃபைலின் முதல் இரண்டு எழுத்து 'பி.கே.'. அதை உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள் அவை. வேர்டு ஃபைலும் (டாக்எக்ஸ் வகை) உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அதுவும் பி.கே. என்றே தொடங்கும்.

செய்யவே கூடாதவை

* டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்றோ 'கிரீச்' என்றோ சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். தலை தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் கீறல் கூடும். இதற்கு சாஃப்ட்வேர் வைத்தியம் கிடையாது. தூசியில்லா அறை வைத்திருக்கும் நிபுணரிடம்தான் போக வேண்டும்.

* வீட்டில் திருப்புளியால் திறந்து பார்க்காதீர்கள். தூசி போனால் போச்சு.

* தட்டுவது, குலுக்குவது, ஃப்ரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

* மழைத்தண்ணீரில் நனைந்த டிஸ்க்கை வெயிலில் காய வைத்து ஆன் பண்ணாதீர்கள். தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த மண் தட்டில் ஒட்டியிருக்கும்.

* "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் உடனே சரி என்று அழுத்தாதீர்கள். குவிக் ஃபார்மட் என்றால் பொருளடக்கம்தான் புதுசாகும், மீட்க வழி இருக்கலாம். ஆனால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதிவிடும். அப்புறம் ஒன்றும் மிஞ்சாது.

* டிஸ்க்கை 'ரிப்பேர்' பண்ணுகிற செக்டிஸ்க் மாதிரி கட்டளைகளும் டிஸ்க்கில் எழுதக்கூடியவைதான். முதலில் பிரதி, அப்புறம்தான் ரிப்பேர்.

எஸ்.எஸ்.டி.க்கு வேற கதை

இப்போது வரும் புது லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான். அதில் சுற்றும் தட்டு கிடையாது, சிப்தான். அதில் டிரிம் என்று ஒன்று உண்டு. நாம் அழித்தவுடன், "இந்த இடம் இனி வேண்டாம்" என்று கம்ப்யூட்டர் எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிடும். அதுவும் நேரம் கிடைக்கும்போது உண்மையாகவே துடைத்துவிடும். எனவே அதில் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. "ஹார்டு டிஸ்க்கில் வந்துச்சே, இதுலயும் வரும்" என்று நம்பி இருக்காதீர்கள்.

எங்கள் பாட்டு என்ன ஆனது?

சார் டிஸ்க்கைக் கழற்றி, டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணுகிற ஓர் அண்ணனிடம் எடுத்துப் போனார். நானும் டீச்சரும் கூடவே போனோம். அந்த அண்ணன் முதலில் கேட்டது, "அழிச்சதுக்கு அப்புறம் என்னம்மா பண்ணினே?" என்றுதான். வீடியோ ஏற்றினதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உண்மையைச் சொன்னியே, அது போதும்" என்றார். ராத்திரி முழுக்க பிரதி எடுத்து, மறுநாள் தேடினார்.

முதல் வழியில் 21 பாட்டு பேரோடு வந்தது. இரண்டாவது வழியில் 8 பாட்டு பேர் இல்லாமல் வந்தது. 2 பாட்டு பாதிதான் வந்தது. 3 பாட்டு வரவே இல்லை. பேர் இல்லாத எட்டையும் டீச்சர் வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். "இது எங்க ஆத்தா குரல்", "இது தெக்குத் தெரு அப்பத்தா" என்று நீங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள்.

பங்குனியில் இறந்த பாட்டியின் தாலாட்டு, பாதி வந்த இரண்டில் ஒன்று. முதல் ஒரு நிமிஷம் நன்றாகக் கேட்கிறது. "கண்ணே" என்று இழுக்கும்போது நின்றுவிடுகிறது. மீதி இருந்த இடத்தில் சுதந்திர தின வீடியோ உட்கார்ந்திருக்கிறது. அங்கே அதை எழுதியது நான். அந்தப் பாட்டியின் மகளிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாதியாவது இருக்குல்ல கண்ணு, போடு கேப்போம்" என்றார். கேட்டுவிட்டு, தனக்கு ஞாபகம் இருந்த மீதி அடிகளை அவரே பாடினார். அதையும் பதிவு பண்ணி வைத்திருக்கிறோம். ஆனாலும் அது அந்தப் பாட்டியின் குரல் இல்லை.

வருமுன் காப்போம்

மீட்பது எப்படி என்று இவ்வளவு எழுதினேன். ஆனால் மீட்கவே தேவையில்லாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. 3 பிரதி வேண்டும். அவை 2 வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். அதில் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும். இப்போது 'பாட்டி பாட்டு' பள்ளிக் கம்ப்யூட்டரில் ஒன்று, சாரிடம் பென் டிரைவில் ஒன்று, தமிழ் டீச்சர் வீட்டில் ஒன்று என்று இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது என் வேலை.

திறந்து பார்ப்பது ஏன் முக்கியம் தெரியுமா? 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் ஃபைல்களை ஒரு தவறான கட்டளை அழித்துவிட்டது. பேக்கப் இருக்கே என்று பார்த்தால், அது சரியாக வேலை செய்யவே இல்லை! கேலின் சஸ்மன் என்பவர் குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. பிரதி இருக்கிறது என்று நம்புவது வேறு, பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு.

தோழிகளுக்கு இன்னொன்று. அழித்தது அப்படியே இருக்கும் என்பது நமக்கு உதவுகிற மாதிரியே பிறருக்கும் உதவும். வீட்டில் பழைய கம்ப்யூட்டரையோ மெமரி கார்டையோ விற்கும்போது, போட்டோவை டெலீட் பண்ணினால் போதும் என்று நினைக்காதீர்கள். வாங்குபவர் அதை மீட்கலாம். கம்ப்யூட்டரில் போட்டு முழு ஃபார்மட் பண்ணிவிட்டு அப்புறம் கொடுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. அழிந்த ஃபைலை மீட்டு அதே டிஸ்க்கில் ஏன் சேமிக்கக் கூடாது?
2. பேர் இல்லாமல் வந்த 8 பாட்டு எந்த வழியில் வந்தது? ஏன் பேர் இல்லை?
3. உங்கள் வீட்டில் ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் போட்டோ எது? அதை இன்றைக்கே இன்னொரு இடத்தில் வைத்தீர்களா?

மூன்றாவது கேள்விக்கு விடையை என்னிடம் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் செய்துவிடுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறுவதற்கு முன்பே சிதற விட்டேன். நீங்களாவது டெலீட்டுக்கு முன் ஒரு தரம் யோசியுங்கள். தொலைந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

 

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி